மே மாதமும் பதினோராம் அத்தியாயமும்

பள்ளிக்கூடம் லீவு விட்டு இன்னும் முழுசாக மூன்று வாரம் ஆகவில்லை, இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், எழுத முடியவில்லை. வழக்கமாக வரும் ஒற்றுப்பிழை சந்தேகங்களையும் 'அனுப்பிய கதைக்குப் பதிலே வரவில்லை' வகையறாவையும் ஜூனுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 9 வயதில் மகன், 5 வயதில் மகள். பள்ளி நாட்களில் வேன் போனதும் பாத்திரத்தைக்கூட அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எழுத்து. அப்படியே ஒரு நாவலில் பத்து அத்தியாயம் வந்துவிட்டது. பதினொன்றைத் தொடங்கிய வாரம் லீவு விட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. நோட்டை எடுத்தாலே 'அம்மா, போர் அடிக்குது'. நேற்று சின்னவள்மேல் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன், ராத்திரி எனக்கு அழுகையாக வந்தது. நல்ல அம்மாவும் இல்லை, நல்ல எழுத்தாளரும் இல்லை என்று தோன்றுகிறது. பேசாமல் ஜூன் வரை விட்டுவிடட்டுமா அக்கா?
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

விட்டுவிடாதீர்கள். ஆனால் பதினோராம் அத்தியாயத்தை மே மாதத்தில் முடிக்கவும் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

என் பையன்கள் இரண்டு பேரும் சின்னவர்களாக இருந்தபோது நானும் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அறுபது பக்கம் ஓடியிருந்தது. லீவு வந்ததும் 'ஜூன்ல பார்த்துக்கலாம்' என்று நோட்டை பீரோவுக்குமேல் வைத்துவிட்டேன். ஜூன் வந்தது. யூனிஃபார்ம், நோட்டுக்கு அட்டை போடுவது, லேபிள் ஒட்டுவது, பெரியவனுக்கு ஷூ பத்தாமல் போனது என்று அதில் பாதி மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் வீடு காலியானதும் ஆசையாக நோட்டைப் பிரித்தால், பொன்னுத்தாய் என்கிற என் கதாபாத்திரம் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருக்கிறாள். எந்த பஸ்ஸுக்கு நிற்கிறாள், பைக்குள் என்ன இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! ஏப்ரலில் தெரியும். சத்தியமாகத் தெரியும். மூன்று தடவை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அந்த நோட்டு இப்போதும் பரண்மேல்தான் கிடக்கிறது, அவளும் நின்றுகொண்டேதான் இருக்கிறாள்.

அதனால் சொல்கிறேன், நாற்பது நாள் எழுதாமல் போனது எனக்கு நஷ்டமே இல்லை, விட்ட இடம் மறந்துபோனதுதான் நஷ்டம். கோடையில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்த இடத்தை மட்டும்தான். அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டாம். தினமும் ராத்திரி படுக்கப்போகுமுன் கதையைப் பற்றி ஒரே ஒரு வரி. கதையின் வரியாகக்கூட இருக்க வேண்டாம், 'அவள் பஸ் ஏறப்போவதில்லை, ஏன்?' என்பதுபோல ஒரு கேள்வியாக இருந்தாலும் சரி. நான் அதைத் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் முன்பக்கம், பின்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும், உள்ளங்கை அகலம். அதற்குமேல் எழுத இடம் இல்லை என்பதே ஒரு நிம்மதி. தாளை எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்துவையுங்கள், அதில் தேதியும் இருக்கும்.

அப்புறம் அந்தப் பத்து மணி, பன்னிரண்டு மணி. அதை மறந்துவிடுங்கள். கத்திரி வெயிலில், உங்கள் ஊரில், அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் முடியாது, உள்ளே வைத்துச் சமாளிக்கவும் முடியாது. போன நேரத்துக்காகச் சண்டை போட்டால் இருக்கிற நேரமும் கண்ணில் படாது. வடாம் போடுகிற வீடாக இருந்தால் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடி உங்களுடையது. பிழிந்து முடித்ததும் காக்காய் விரட்டுகிற வேலையை இரண்டு பேரிடமும் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் நோட்டோடு உட்காருங்கள். வெயில் ஏறி அவர்களாகவே கீழே ஓடும்வரை எப்படியும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும். காக்காய் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும், போகட்டும்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு 'அரை மணி நேரம்' என்றால் ஒன்றும் புரியாது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி 'பெரிய முள் ஆறுக்கு வர்ற வரைக்கும் அம்மா எழுதுவேன்' என்று சொல்லிப் பாருங்கள், அவளே போய் முள்ளுக்குக் காவல் நிற்பாள். ஆனால் முள் ஆறுக்கு வந்ததும் நோட்டை மூடிவிட வேண்டும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. 'ஒரு நிமிஷம்டா கண்ணு' என்று ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் அடுத்த நாள் அந்தக் கடிகாரத்துக்கு மரியாதை கிடையாது. பாதியில் நிறுத்துவதில் நமக்கும் லாபம்தான். முற்றுப்புள்ளி வைத்த இடத்திலிருந்து மறுபடி கிளம்புவதற்குத்தான் கால் மணி நேரம் தடவ வேண்டியிருக்கும். பாதி வாக்கியத்தை முடிப்பதற்குக் கை தானாகப் போய்விடும்.

'போர் அடிக்குது'வுக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் நம் உயிரை எடுப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் கட்டிலுக்கு அடியில் ஒரு வீடு கட்டியிருப்பார்கள், உங்கள் துப்பட்டா நாலும் அதற்குச் சுவராகப் போயிருக்கும்.

சின்னவள்மேல் எரிந்து விழுந்தது பற்றி: வாயில் வந்துகொண்டிருந்த வாக்கியத்தை யாராவது பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும். காலையில் எழுந்ததும் அவளிடம் 'அம்மா நேத்துக் கத்திட்டேன், தப்பு' என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வரியை, நல்ல அம்மாவும் இல்லை என்று தொடங்குகிறதே அதை, அடித்துவிடுங்கள். அதில் உண்மை இல்லை.

இன்னொன்று. பள்ளி திறக்கிற தேதியை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். 2023-இல் ஜூன் 1 என்றார்கள், வெயிலைக் காட்டி 7 என்றார்கள், கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14. 2024-இலும் 6 என்று சொல்லி 10-க்குப் போனது. அந்த வருஷங்களில் 'ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் இரண்டு பக்கம்' என்று சபதம் எடுத்த என் தோழிகள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கை எப்போதும் வேலையாகவே இருக்கிறது. போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் தமிழில் எழுத்தாக வருகிறதே, அப்படிக் கதை எழுதலாமா? அது எழுதுவதாகுமா? என் நாத்தனார் சிரிக்கிறாள்.
– வாசகி, ஆம்பூர்

நாத்தனாருக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். வை.மு.கோதைநாயகி, 1901-இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். முதலில் எழுதிய 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் எழுதவே இல்லை, சொன்னார். தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். அப்புறம் எழுதக் கற்றுக்கொண்டார், 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார், 115 நாவல் எழுதினார். அவருக்குப் பட்டம்மாள், உங்களுக்குப் போன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பட்டம்மாள் அளவுக்குப் போனுக்குத் தமிழ் தெரியாது. நான் இட்லி மாவு அரைத்துக்கொண்டே பேசிப் பார்த்திருக்கிறேன். முற்றுப்புள்ளியே வராது, எல்லாம் ஒரே ரயில் பெட்டியாக வரும். பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாமல் 'பல்லியில் மணி அடித்தது' என்று எழுதும். பேச்சுத்தமிழில் சொன்னால் இன்னும் குழம்பும். அதனால் நான் இரண்டு வேலை செய்வேன்: எழுத்தாக மாற்றுவது ஒன்று, அதே காட்சியை வெறும் குரல்பதிவாகவும் இன்னொரு தடவை சொல்லிவைப்பது. ராத்திரி எழுத்தைப் பார்த்து ஒன்றும் புரியாவிட்டால் குரலைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை சாவு வீட்டுக் காட்சி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிணத்தை வெளியே எடுக்கப்போகிற இடம், எனக்கே தொண்டை அடைத்தது. ராத்திரி எடுத்துப் பார்த்தால் நடுவில் 'அம்மா ரிமோட் எங்க' என்று இருக்கிறது. சின்னவன் வந்து கேட்டது பதிவாகிவிட்டது. அழிக்கப்போனேன், அப்புறம் யோசித்தேன். சாவு வீட்டில் ஒரு பையன் வந்து ரிமோட் எங்கே என்று கேட்பான்தானே? அந்தக் கதையில் உயிரோடு இருக்கிற ஒரே வரி அதுதான் என்று பிறகு ஒருவர் சொன்னார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அதிகாலை 4 மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் சொல்வீர்களா?
– வாசகி, தருமபுரி

மே மாதத்தில் சொல்ல மாட்டேன். லீவில் பிள்ளைகள் தூங்கவே பதினொன்றரை ஆகிறது, நடுவில் கரண்ட் போனால் விசிறிக்கொண்டு உட்கார வேண்டும், அதற்குமேல் 4 மணி என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும். நான் ஒரு கோடையில் மூன்று நாள் செய்து பார்த்தேன். நான்காம் நாள் சின்னவனின் நீச்சல் வகுப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பயிற்சியாளர் தம்பி வந்து 'ஆன்ட்டி, எல்லாரும் போயாச்சு' என்று எழுப்பினார். பக்கத்தில் பிள்ளை ஈரத்துண்டோடு நிற்கிறான்.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விடியுமுன் எழுந்து எழுதினார் என்பதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்தவர். அவருக்கு வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் அது. தனக்குக் காலையில்தான் தெளிவாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார். உங்களுக்கு எப்போது தெளிவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. எழுதிக்கொண்டிருந்த தாளின்மேலேயே குழந்தை ஆரஞ்சு சாற்றைக் கக்கிவிட்டது, அவர் அதைத் துடைக்காமல் அதைச் சுற்றியே எழுதினாராம். துடைப்பதை அப்புறமும் செய்யலாம், வாக்கியம் போனால் போனதுதான்.

என் மனைவி கவிதை எழுதுவார். லீவில் அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. நான் எப்படி உதவ?
– வாசகர், அம்பத்தூர்

இந்த மாதம் ஒரே ஒரு ஆண் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தை ஃபிரேம் போடலாமா என்று பார்க்கிறேன்.

ஞாயிறு காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். இரண்டு மணி நேரம். எங்கே வேண்டுமானாலும் போங்கள், ஆனால் போனபிறகு போன் பண்ணி 'தண்ணி பாட்டில் எங்க வெச்சே' என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு போன் போதும், கவிதை போச்சு. கிளம்புமுன் அவர் உங்களுக்குப் பை கட்டிக்கொடுத்து, தொப்பி தேடிக்கொடுத்து, பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. அதெல்லாம் உங்கள் வேலை. திரும்பி வந்ததும் 'என்ன எழுதினே, காட்டு' என்று கேட்காதீர்கள். ஒன்றுமே எழுதாமல் சும்மா படுத்திருந்திருக்கலாம். அதற்கும்தான் நீங்கள் வெளியே போனது.

'உதவ' என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் உங்களுக்கும் பிள்ளைகள்தான், அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் நல்லது.

வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குக் கதையாகிவிடுகிறது. என் 13 வயது மகளைப் பற்றி எழுதிய ஒரு கதையை அவளே படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. லீவு என்பதால் இப்போது நான் எழுதும்போது பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். எப்படி எழுதுவது?
– வாசகி, நாமக்கல்

அவள் பக்கம்தான் நியாயம். நாம் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். கதையில் வருகிற பெண் பல்லில் கம்பி போட்டிருந்தால், தெருவில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். பதிமூன்று வயதில் அதெல்லாம் பெரிய விஷயம்.

எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எழுதி வையுங்கள், அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கெஞ்சக் கூடாது. இன்னொரு வழி, நடந்ததை வேறு ஆளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை ஒரு அறுபது வயது மாமியார் செய்வதாக எழுதிப் பாருங்களேன். பாதிக் கதைகளில் அப்படி மாற்றும்போதுதான் எனக்கு அந்த அழுகை என்னவென்றே புரிந்திருக்கிறது.

எட்டிப் பார்ப்பதற்கு மருந்து, அவள் எழுதும்போது நீங்கள் எட்டிப் பார்க்காமல் இருப்பது. அவளுக்கும் ஒரு நோட்டு இருக்கும், எனக்குத் தெரிந்து இருக்கும்.

எனக்கு 64 வயது. பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் மூன்று பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். தினமும் ராத்திரி கதை வேண்டும். என் சிறுவயது அனுபவங்களை எழுத ஆரம்பித்திருந்தேன், இப்போது அதையெல்லாம் இவர்களுக்குச் சொல்லிவிடுவதால் எழுத உட்கார்ந்தால் ஆசையே வரவில்லை. என்ன செய்யலாம் அம்மா?
– வாசகி, கும்பகோணம்

இது உண்மையான சங்கடம், நிறையப் பேருக்கு உண்டு. வாயால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டால் கதை இறங்கிப் போய்விடுகிறது. ஆனால் உங்களுக்குக் கிடைத்திருக்கிற மாதிரி வாசகர்கள் யாருக்குமே கிடைக்க மாட்டார்கள். 'அப்புறம்?' என்று கேட்கிற இடத்தையும் கேட்காமல் புரண்டு படுக்கிற இடத்தையும் கவனியுங்கள். பெரியவர்கள் மரியாதைக்காகக் கேட்பார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 'பாட்டி, நேத்து வேற மாதிரி சொன்னே' என்று ஒருத்தன் பிடிப்பான் பாருங்கள், அந்த இடத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள். நேற்றும் இன்றும் மாறிப்போகிற இடத்தில்தான் நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் அல்லது எதையோ புதிதாகக் கண்டுபிடிக்கிறீர்கள்.

ஆசை போகாமல் இருக்க ஒரு சின்னத் தந்திரம் செய்யலாம்: முடிவை அவர்களுக்குச் சொல்லாதீர்கள். 'மீதி நாளைக்கு' என்று விளக்கை அணைத்துவிட்டு, முடிவை மட்டும் நீங்கள் போய் எழுதிவிடுங்கள். ராத்திரி முடியாவிட்டால் காலையில், அவர்கள் எழுவதற்குமுன் காபி ஆறுகிற நேரத்தில். அப்புறம் அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் திட்டுவார்கள், பரவாயில்லை.

ஒற்றை அறை வீடு. தனியாக உட்கார இடமே இல்லை. 10 வயதுப் பையன் இருக்கிறான்.
– வாசகி, சைதாப்பேட்டை

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே சொந்தப் புத்தகம், நோட்டு கொண்டுவந்து உட்காருகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, நடுவில் பெரிய செயற்கை மரமெல்லாம் வைத்திருக்கிறார்கள், ஏசியும் உண்டு. கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் அரை நாள் ஓடிவிடும். பையனைத் தனியாக விட மனசு வரவில்லை என்றால் அவனோடு குழந்தைகள் பிரிவிலேயே உட்காருங்கள், அவன் மடியில் ஒரு புத்தகம், உங்கள் மடியில் காலண்டர் தாள். மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கேயும் குழந்தைகள் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் கிளை நூலகத்துக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று கேட்டுக்கொண்டு போங்கள். நான் கேட்காமல் போய்ப் பூட்டின கதவுமுன் பிள்ளைகளோடு நின்றிருக்கிறேன், அந்த வெயிலில்.

பள்ளி திறந்த அன்றே எழுதத் தொடங்கிவிட வேண்டும் என்று இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் என்ன எழுதலாம்?
– வாசகி, திண்டுக்கல்

முதல் நாள் எழுத வராது. வேன் போனதும் வீடு சட்டென்று அடங்கிவிடும், நாற்பது நாள் ஏங்கிய அந்த அமைதி வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்ப் பார்ப்பீர்கள். அன்றைக்குத் தூங்குங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற துப்பட்டாக்களை எடுத்துத் துவையுங்கள். மறுநாள் பத்து மணிக்கு அந்தக் காலண்டர் தாள்களைக் கிளிப்பிலிருந்து எடுத்துத் தேதி வரிசையில் தரையில் பரப்புங்கள். ஃபேனை மட்டும் அணைத்துவிட்டு.